எல்லா வரியிலும் ‘ஆம்’ எழுதச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

இந்த வாரக் கடிதம் சேலத்தில் வேலை பார்க்கும் 31 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவருடையது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நிறுவனத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன்.

அவருடைய நிறுவனம் ஆலைகள், மருத்துவமனைகள், தோட்ட நிறுவனங்கள் போன்ற பெரிய இடங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கிறது. சம்பளம், விடுப்பு, கொள்முதல், ஸ்டோர், கணக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். 14 ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து இன்று 640 திரைகள் ஆகிவிட்டன. இப்போது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டெண்டரில் கலந்துகொள்கிறார்கள். மாற்றுத்திறனாளி ஊழியர்கள் இந்த மென்பொருளைப் பயன்படுத்த முடியுமா என்று, உலகப் பொதுவான அணுகல்தன்மை விதிகளை ஒவ்வொன்றாக வைத்துக் கேட்கும் இணக்க அறிக்கை ஒன்றையும் டெண்டரோடு இணைக்க வேண்டும். அதை நிரப்பும் வேலை இவர் தலையில். மேலாளர் சொன்னது இதுதான்: “எல்லாத்துலயும் ‘சப்போர்ட்ஸ்’னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடு தம்பி. இதையெல்லாம் யாரு உட்கார்ந்து செக் பண்ணப் போறாங்க?”

இவருக்குக் கை வரவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு புகாரைப் பார்க்க ஏற்காட்டுக்குப் போயிருக்கிறார். இவர்களுடைய மென்பொருளைப் பயன்படுத்தும் காபித் தோட்ட அலுவலகம் ஒன்றில் 22 ஆண்டுகளாகக் கணக்கராக இருப்பவருக்கு, விழித்திரை நோயால் பார்வை படிப்படியாகக் குறைந்து இப்போது முற்றிலும் போய்விட்டது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கற்றுக்கொண்டு அதன் துணையோடு வேலையைத் தொடர்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், இவர்கள் செய்த கூலிப் பதிவுத் திரையில் அது “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறது. எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. கணக்கர் எண்ணி வைத்திருந்திருக்கிறார்: ஏழாவது பட்டன் சேமிக்க, எட்டாவது அழிக்க. ஒரு அப்டேட்டில் அழிக்கும் பட்டனை முன்னே தள்ளிவிட்டார்கள். அன்றைக்குப் பழம் பறித்தவர்களின் கூலிக் கணக்கு முழுவதும் அழிந்துபோனது. “அதை இடம் மாற்றி வைத்தது நான்தான் மேடம். திரும்பி வரும்போது 20 கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை பைக்கில் அதே நினைப்பு” என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: கையெழுத்துப் போட்டால் எனக்குத் தனிப்பட்ட முறையில் சிக்கல் வருமா? இந்தச் சட்டமெல்லாம் அரசு இணையதளங்களுக்கு மட்டும்தான் என்கிறார் மேலாளர், சரியா? ஒரு வரி ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கம்பெனி விற்கிறது, வாங்கலாமா? முழுவதும் திருத்த 2 ஆண்டுகள் ஆகும், அதுவரை என்ன செய்வது? வீட்டுக் கடன் இருக்கிறது, வேலையை விட்டுவிடலாமா?

பதில்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை என் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கும் தம்பியிடம் கொடுத்தேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருடைய திரைவாசிப்பான் உங்கள் கடிதத்தை வேகமாகப் படித்து முடித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “எண்ணி வைத்துக்கொள்வது நானும் செய்வதுதான் மேடம்.” அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குத் தினமும் என்னோடு வருகிற பையன் இப்படிப் பட்டன்களை எண்ணித்தான் பாதி வேலையைச் செய்கிறார் என்பது அன்றுவரை எனக்கே தெரியாது. அதனால் இந்தப் பதிலில் சட்டம் என்னுடையது, கணினி சம்பந்தப்பட்டவற்றில் பெரும்பகுதி அவர் சொல்லிக்கொடுத்தது.

முதலில் நேரடியான பதில். அந்த அறிக்கையில், மேலாளர் சொன்ன வடிவத்தில், கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக ‘முடியாது’ என்று சொல்லி மேசையைவிட்டு எழுந்து வரவும் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடக்கூடிய அறிக்கை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கையெழுத்து யாருடையது?

மேலாளர் சொல்லித்தானே போட்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கிறது. அதை விட்டுவிடுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவில், உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்லி எதிர்த்தரப்பை ஒப்பந்தத்துக்குள் இழுப்பதை மோசடி என்கிறது. 18-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உண்மை என்று நம்பிச் சொல்லியிருந்தாலும், அப்படி உறுதியாகச் சொல்வதற்கான தகவல் கையில் இல்லாமல் சொன்னால் அது தவறான எடுத்துரைப்பு. இரண்டிலும், ஏமாற்றப்பட்ட தரப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்ய 19-ஆவது பிரிவு வழிவிடுகிறது. நீங்கள் ஏற்காட்டுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டீர்கள். ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் உங்களுக்கு மிச்சமில்லை.

டெண்டர் என்பதால் இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 175-ஆவது விதி, டெண்டரில் கலந்துகொள்ளப் பொய்யான உறுதிமொழி தருவதை நேர்மைக் கோட்பாட்டு மீறல் என்கிறது. 151-ஆவது விதியின்படி, அப்படி மீறியவரைக் கொள்முதல் செய்யும் அமைப்பு 2 ஆண்டுகள் வரை விலக்கி வைக்கலாம். பொதுத்துறை நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிக் கொள்முதல் விதிகளையும் வைத்திருக்கும். உங்கள் டெண்டர் ஆவணத்தின் பொது நிபந்தனைகளில் இதற்கான பத்தியைத் தேடிப் படியுங்கள், மேலாளருக்கும் காட்டுங்கள். ஒரு டெண்டருக்காகப் பல டெண்டர்களை இழக்கும் கணக்கு அவருக்கு உடனே புரியும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு, ஏமாற்றுதல், வருமா என்று கேட்டிருந்தீர்கள். நேர்மையற்ற நோக்கத்தோடு ஏமாற்றிப் பொருளைப் பெற்றார்கள் என்று நிரூபிக்க வேண்டிய குற்றம் அது. நாளைக்கே காவல்துறை வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று உங்களைப் பயமுறுத்த எனக்கு மனமில்லை. ஆனால் தகராறு என்று வந்துவிட்டால், பெரியவர்கள் முதலில் எடுத்துப் போடும் தாள் உங்கள் கையெழுத்து உள்ளதாகத்தான் இருக்கும். இதை இத்தனை வருடத்தில் பல வழக்குகளில் பார்த்துவிட்டேன்.

‘அரசு இணையதளங்களுக்கு மட்டும்தான்’ என்பது சரியா?

இல்லை. இது மிகப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம், உங்கள் மேலாளரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதன் 46-ஆவது பிரிவு, சேவை வழங்குபவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல்தன்மை விதிகளின்படி வழங்க வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802 இருக்கிறது. 2023-இல் செய்த திருத்தத்தின் மூலம் அது இந்தச் சட்டத்தின் விதிகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் அணுகல்தன்மைத் தரங்களை வெறும் பரிந்துரைபோல வைத்திருந்த 15(1)-ஆவது விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசுன் வழக்கில், இணையவழிச் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்றது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இதிலிருந்தே தெரியும்.

இந்தச் சட்டத்தில் அபராதம் பெரிய தொகை இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 89-ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. மீறியது கம்பெனி என்றால் 90-ஆவது பிரிவு, அதன் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களைக் குற்றவாளிகளாகக் கொள்கிறது. உங்களைப் போன்ற பொறியாளர் சாதாரணமாக அதில் வரமாட்டார். அதனால் உங்கள் ஆபத்து இந்தச் சட்டத்தில் இல்லை, முன்னே சொன்ன பொய்க் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மேலாளரிடம் சொல்ல இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. ‘பார்வையில்லாதவர்கள் நம்ம சாஃப்ட்வேரை யூஸ் பண்றதே இல்லை, இதுவரை ஒரே ஒரு புகார்தான்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுத்துறை நிறுவனம் இந்தச் சட்டத்தின்படி அரசு நிறுவனம். 34-ஆவது பிரிவு அதன் பணியிடங்களில் குறைந்தது 4 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கும். டெண்டர் கிடைத்துவிட்டால், அங்கே விடுப்பு எழுதவும் சம்பளச் சீட்டுப் பார்க்கவும் உங்கள் மென்பொருளைத் திறக்கப்போகிறவர்களில் அவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அப்புறம் அந்த அறிக்கையை உட்கார்ந்து செக் பண்ணப் போகிறவர் யார் என்று அவரிடமே கேளுங்கள்.

புகார் ஒன்றுதான் வந்தது என்பதற்கு என் ஜூனியர் சொன்ன விளக்கம் வேறு. திறந்த முதல் நாளே ஓடாத மென்பொருளைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லையாம். பக்கத்து சீட்டுக்காரரிடம் “அண்ணா, இதை மட்டும் போட்டுக் கொடுங்க” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம்.

ஒரு வரி ஸ்கிரிப்ட், தனிப் பக்கம்

ஒரு வரி ஸ்கிரிப்டை வாங்காதீர்கள். பக்கத்தின் மேலே ஒரு சின்ன சக்கர நாற்காலிப் படம் வரும், அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு அதெல்லாம் அவருடைய கணினியிலேயே உண்டு. பெயரில்லாத பட்டன் எதைச் செய்யும் என்று வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? அது சேமிக்கிறதா அழிக்கிறதா என்பது அதை எழுதிய உங்களுக்குத்தான் தெரியும். இப்படி ஒரு கருவியை வைத்தால் எந்த இணையதளமும் தரநிலைக்கு இணங்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2025-இல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

நீங்களே யோசித்துவைத்திருக்கும் ‘பார்வையற்றோருக்கான தனி எளிய பக்கம்’ என்ற திட்டமும் வேண்டாம். நல்ல மனதோடு யோசித்திருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் தனியாக ஒதுக்கி வைத்த பக்கம் இரண்டு ரிலீசுக்குள் பழசாகிவிடும். முக்கியப் பக்கத்தில் புது வசதி வரும், இதில் வராது. ஜூனியர் ஒரு கட்டணச் சேவையில் இப்படித் தனிப் பக்கம் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் அதில் ரசீது வருவது நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் வேறு யாரும் அந்தப் பக்கத்துக்கு வருவதில்லை.

640 திரைகளைத் திருத்த வேண்டுமா?

2 ஆண்டு என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? திரைக்கு ஒரு நாள் என்று வைத்து 640-ஐ ஆள் கணக்கில் வகுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கடந்த 6 ஆண்டுகளில் வந்த திரைகள் எல்லாம் 22 பொதுத் துண்டுகளை வைத்துக் கட்டியவை. பட்டன், தேதி தேர்வு, தேடும் பெட்டி, அட்டவணை, எழும்பி வரும் சிறு ஜன்னல் என்று. பெரிய மென்பொருளின் பலவீனம் எதுவோ அதுவே இங்கே பலம். பொதுப் பட்டனில் பெயரைக் கட்டாயமாக்கினால், பெயர் கொடுக்காமல் யாரும் அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்தால், அந்தப் பட்டன் இருக்கும் நூற்றுக்கணக்கான திரைகளும் சேர்ந்து திருந்தும். மீதிப் பழைய திரைகளை, எதை அதிகம் பேர் தினமும் திறக்கிறார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் திரை கடைசியில் வரட்டும்.

உங்கள் டீம் லீட் “நம்ம கோடு வேலிடேட்டர்ல க்ளீன்” என்று, அதாவது நிரலின் இலக்கணத்தைச் சரிபார்க்கும் கருவி பிழை காட்டவில்லை என்று, சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. தரநிலைப்படி எழுதிய கோடு நல்ல அஸ்திவாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், பிழையில்லாத எச்டிஎம்எல் வேறு, பயன்படுத்த முடிகிற எச்டிஎம்எல் வேறு. தனக்கென்று எந்த வேலையும் இல்லாத வெறும் ‘டிவ்’ கட்டம் ஒன்றை எடுத்து, பட்டன்போல நிறம் பூசி, மவுஸ் கிளிக்கை மாட்டிவிட்டால் வேலிடேட்டர் வாயைத் திறக்காது. கீபோர்டு மட்டும் வைத்திருப்பவரால் அதைத் தொடவே முடியாது. கோட்டின் இலக்கணப் பிழைகளைப் பற்றிய 4.1.1 என்ற விதியை டபிள்யூசிஏஜி என்ற அந்த உலகப் பொதுவான அணுகல்தன்மை விதிகளின், 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பிலிருந்து நீக்கியே விட்டார்கள். அதை அடுத்து நிற்கும் 4.1.2, அதாவது ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர், வகை, நிலை தெரிய வேண்டும் என்ற விதி, அப்படியே இருக்கிறது. அது மிக அடிப்படையான ‘ஏ’ நிலை விதி. ஏற்காட்டில் நீங்கள் கேட்ட “பட்டன், பட்டன்” இந்த விதியின் மீறல்தான்.

அழிந்துபோன கூலிக் கணக்குக்கும் ஒரு விதி உண்டு. 3.3.4: பணப் பரிமாற்றமோ, பயனர் பதிந்த தகவலை மாற்றுவதோ அழிப்பதோ நடக்கும் இடத்தில், செய்ததைத் திரும்பப் பெறவோ, சரிபார்க்கவோ, உறுதி செய்யவோ வழி இருக்க வேண்டும். இது ‘ஏ’-க்கு அடுத்த ‘டபுள் ஏ’ நிலை. ‘அழிக்கட்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கு அந்தக் கணக்கு தப்பியிருக்கும். கண் நன்றாகத் தெரிகிறவர்களும் அவசரத்தில் தவறாக அழுத்துவார்கள், அவர்களையும் அது காப்பாற்றியிருக்கும்.

இன்னொன்றை நீங்கள் கடிதத்தில் தொடவே இல்லை, ஆனால் இணைத்திருந்த மாதிரிச் சம்பளச் சீட்டைத் திறந்ததும் ஜூனியர் சிரமப்பட்டார். தமிழ்ச் சம்பளச் சீட்டைப் பழைய பாமினி எழுத்துருவில் அச்சிடுகிறீர்கள். கண்ணுக்கு அது ‘அம்மா’. கணினிக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்ற ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010-இல். இத்தனை வருடம் கழித்தும், ஒருவர் தன் சம்பளத்தில் என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்பதைத் தன் தாய்மொழியில் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. யூனிகோடுக்கு மாறுங்கள். மாறிய பிறகு, அந்தப் பகுதியின் மொழி தமிழ் என்று கோட்டில் குறித்துவிடுங்கள், அப்போதுதான் கருவி தமிழ்க் குரலை எடுக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து விடுப்பு நிலையைக் காட்டுவது, ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி சத்தமில்லாமல் வந்து மறைவது, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இல்லாதது போன்ற மற்றவை உங்களுக்கே தெரிந்தவை. தானியங்கிச் சோதனைக் கருவிகளை ஓட்டுங்கள், ஆனால் அவை பாதியில் நின்றுவிடும். பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று கருவி சொல்லும், அந்தப் பெயர் சரியா என்று சொல்லாது. மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்க உங்கள் மென்பொருளிலேயே விடுப்பு எழுதிப் பாருங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போடக்கூடிய அறிக்கை

விபிஏடி என்ற அந்த இணக்க அறிக்கைப் படிவத்தில் உள்ள பதில் ‘சப்போர்ட்ஸ்’, அதாவது ‘இணங்குகிறது’, மட்டுமல்ல. ‘பகுதியளவு இணங்குகிறது’, ‘இணங்கவில்லை’, ‘பொருந்தாது’ என்ற பதில்களும் உண்டு. பக்கத்திலேயே குறிப்பு எழுதும் கட்டமும் உண்டு. எதற்காக அதெல்லாம்? பெரிய மென்பொருளில் எல்லா வரியும் முழு இணக்கம் என்று வந்தால்தான் விவரம் தெரிந்த கொள்முதல் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். ‘4.1.2: பகுதியளவு. பழைய பதிவுத் திரைகளில் படப் பட்டன்களுக்குப் பெயர் இல்லை. அடுத்த பதிப்பில் திருத்தப்படும்’ என்று எழுதி, திருத்தும் தேதியையும் சேர்த்தால், அது உண்மையாகச் சோதித்தவர் எழுதியது என்று பார்த்ததும் தெரியும். எந்தப் பதிப்பை, எந்தத் திரைகளை, எந்தக் கருவியோடு, எந்தத் தேதியில் சோதித்தீர்கள் என்பதைத் தலைப்பில் எழுதி, ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனத்தின் சார்பில் உறுதியளிப்பது இயக்குநர் நிலையில் இருப்பவரின் வேலை.

இதனால் டெண்டர் போய்விடாதா என்றால், போகலாம். முழு இணக்கம் கட்டாயத் தகுதி என்று எழுதியிருந்தால் போய்விடும், உங்களுக்கு வீணான நம்பிக்கை தர விரும்பவில்லை. ஆனால் ஆவணத்தை முதலில் நன்றாகப் படியுங்கள். இணக்க அறிக்கையோடு திருத்தத் திட்டத்தையும் ஏற்கிறார்களா என்று, டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் நிறுவனத்தின் சார்பில் கேட்கலாம்.

மேலாளரிடம் வாய்மொழியாகப் பேசிவிட்டு, அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். “நான் சோதித்த அளவில் அறிக்கையை நிரப்பி இணைத்திருக்கிறேன். இந்த 9 விதிகளில் முழு இணக்கம் என்று எழுதுவதற்கான ஆதாரம் என்னிடம் இல்லை. 22 பொதுத் துண்டுகளைத் திருத்தும் திட்டமும் கால அளவும் கூடவே வைத்திருக்கிறேன்” என்ற அளவு போதும். அதன் பிறகும் அவர் தன் பொறுப்பில் மாற்றி அனுப்பினால், உங்கள் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

டெண்டர் கேட்ட நிறுவனத்துக்கு ரகசியமாகக் கடிதம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். உங்களைப் போன்ற தனியார் நிறுவன ஊழியருக்குப் பலமான சட்டப் பாதுகாப்பு இதில் இல்லை. உங்கள் நியமன உத்தரவில் ரகசியக் காப்பு நிபந்தனையும் இருக்கும். கோடு, வாடிக்கையாளர் தகவல், டெண்டர் விலை எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்காதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ராஜினாமாவும் இப்போதைக்கு வேண்டாம். 90 நாள் நோட்டீஸ், வீட்டுக் கடன் எல்லாம் இருக்கும் நிலையில், எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு உள்ளே இருப்பதுதான் உங்களுக்கும் நல்லது, அந்த மென்பொருளுக்கும் நல்லது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்று யாராவது எழுத்திலோ நேரிலோ சொன்னால், அன்றே நியமன உத்தரவோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஏற்காட்டுக் கணக்கருக்கு

அவரிடம் ‘ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். குற்ற உணர்வில் சொன்னது, புரிகிறது. ஆனால் உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. போன் செய்து எது எப்போது நடக்கும் என்று உள்ளபடி சொல்லுங்கள்.

அவருடைய உரிமை உங்கள் நிறுவனத்தோடு நின்றுவிடுவதில்லை. அவருக்கு வேலை கொடுத்திருப்பது தோட்ட நிர்வாகம். தேவையான நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவே சொல்கிறது. 21-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். தனியார் நிறுவனமாக இருந்தாலும், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குச் செய்துதரும் வசதிகளையும் அதில் சொல்லியாக வேண்டும். அரசு வேலையில் இருப்பவருக்கு 20-ஆவது பிரிவு கூடுதல் பாதுகாப்பு தருகிறது, பணியில் இருக்கும்போது பார்வை போனால் வேலையைவிட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. தனியார் ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு அதே அளவில் இல்லை. அதனால்தான் அவர் விஷயத்தில் நிதானம் தேவை. புகார் செய்யலாமா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், அவருக்காக நீங்கள் முடிவெடுத்துவிடாதீர்கள். அவர் விரும்பினால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவானாலும் மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

அவரை வைத்துச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லி உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். 22 ஆண்டு கணக்கு அனுபவமும் திரைவாசிப்பான் பழக்கமும் ஒருசேர உள்ள ஆளை நீங்கள் சேலத்தில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். அந்த நேரத்தைச் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது.

கூலிப் பதிவுத் திரையில் பட்டன்களுக்குப் பெயர் வைப்பதற்கும், அழிக்கும் முன் கேட்பதற்கும் டெண்டர் முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது ஒரு வாடிக்கையாளர் புகாருக்கான திருத்தம், அடுத்த பேட்சிலேயே போகலாம். ‘சேமி’, ‘அழி’ என்றே வைத்துவிடாதீர்கள், ‘இன்றைய கூலிப் பதிவைச் சேமி’ என்று வைக்கலாமா என்பது ஜூனியரின் யோசனை. பேட்ச் போவதற்கு முந்தைய நாள் கணக்கருக்கு ஒரு போன் செய்து, பட்டன்களின் வரிசை மறுபடியும் மாறுகிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்.